குடிக்காத ஒயினுக்குப் பதினேழு மார்க்

பாப்பா,

இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி. உன்னைக் கட்டப்போகிற மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்பார். நீயும் வரிக்கு வரி சொல்லிக்கொண்டே போவாய். முதல் தடவை நீ மட்டும் படித்துவிடு. பிறகு அவரிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் விருப்பம். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். இந்த வாரத்தில் மூன்று தடவை உன் நம்பரைப் போட்டேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும், அங்கே மழை உண்டா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு உண்மை வர மறுக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன வாரம் நீ பேசியதை வார்த்தை மாறாமல் நினைவு வைத்திருக்கிறேன். "இங்க ரெஜிஸ்டர் கல்யாணம் முடிஞ்சு நம்ம ஊருக்கு விருந்துக்கு வாரோம்லப்பா, அப்ப அந்த ஆறாவது பாட்டிலை எல்லாருமாச் சேந்து திறப்போம். நீங்களும் அம்மாவும் நல்லாருக்குன்னு சொல்லி, எனக்கு மட்டும் கருகின வாசம் வந்துச்சுன்னா, என் நாக்கு போச்சுன்னு அர்த்தம். இந்த ருசி பாக்குற வேலையை விட்டுட்டு ஆபீஸ் பக்கம் போயிருதேன்." நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா, அந்த ஆறாவது பாட்டில் நம் வீட்டில் இல்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பாட்டில்களை நான் திறக்கவே இல்லை. மூன்று தை மாதங்களாக நான் உனக்கு எழுதி அனுப்பிய நிறம், வாசம், ருசி, மார்க் எல்லாம் நானாகக் கற்பித்து எழுதியவை. உன் அம்மா சொன்னதாக எழுதியதும் அப்படித்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ படிப்பை முடித்து நாசிக்கில் ஒயின் செய்கிற கம்பெனியில் சேர்ந்தபோது, உன்னிடம் நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. மதுரை வரைக்கும் வந்து ரயில் ஏற்றிவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து, மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "திராட்சை ஜூஸ் கம்பெனியில" என்று சொன்னேன். உன் அம்மா பால் வாங்குகிற இடத்தில் "ஒயின் கம்பெனி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்காக அவளோடு சண்டை போட்டேன். "உள்ளதைத்தான சொன்னேன்" என்றாள். "உள்ளதை எல்லாம் ஊருக்குச் சொல்லணுமாக்கும்?" என்று கேட்டேன். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் நான் உன்னோடு கடைத்தெருவுக்கு வராமல் ஏதாவது வேலை சொல்லித் தட்டிக்கழித்ததற்கு இதுதான் காரணம். யாராவது உன்னிடமே கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அதை நீ கவனித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் பொங்கலுக்கு நீ அந்த அட்டைப்பெட்டியோடு வந்தாய். ஆறு பாட்டில். நீயே கலந்து, நீயே ருசி பார்த்துச் சரி என்று சொன்ன முதல் சிவப்பு ஒயின். அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற இருட்டு அறையில், பாட்டில்களைப் படுக்கவைத்து அடுக்கினாய். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டினாய். "கம்பெனியில இதே ஒயினைக் குளிரக் குளிர வச்சிருக்கோம்ப்பா. நம்ம ஊரு வெக்கையில இதுக்கு எப்படி வயசாகுதுன்னு எனக்குப் பாக்கணும். கடைக்காரங்க யாரும் ஏசி போட்டு வைக்க மாட்டாங்கள்ல. வருசத்துக்கு ஒரு பாட்டில். நீங்க இங்க பாருங்க, நான் அங்க பாக்கேன்" என்றாய். கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் வெள்ளை வேட்டியைப் பிடித்து ஓரத்து நிறத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாய். முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகு ஒரு வாய், பிறகு அரை மணி நேரம் விட்டு இன்னொரு வாய். இருபதுக்கு மார்க். ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தாய். "வேற யாருகிட்டயும் இதைக் கொடுக்க மாட்டேன். நீங்க லேப் ஆளு" என்றாய். மில்லில் இருபத்தெட்டு வருஷம் நூல் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த ஒரு சொல்லுக்காகவே ஒத்துக்கொண்டேன்.

முதல் வருஷம் திறந்த அன்று நான் செய்த கூத்தை அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். தெருப்பக்க ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, வாசம் வெளியே போகாமலிருக்க நாலு ஊதுபத்தி ஏற்றிவைத்தேன். அம்மா டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு, "இந்தப் புகையில எங்குட்டு மோந்து பாக்கது? மொதல்ல அணைங்க" என்றாள். எனக்குத் துவர்ப்பும் கசப்பும்தான் தெரிந்தன, நாக்கு சுருங்கியது. அவள் வாயில் வைத்துச் செத்த நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, "நாவப்பழத்தைத் தின்னுட்டு கொட்டையையும் சேத்து மென்ன மாதிரி இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள சரக்கு இருக்குங்க" என்றாள். அவளுக்கு எழுத ஆரம்பித்தால் விரல் வலிக்கும் என்று உனக்குத் தெரியும். அவள் சொல்லச் சொல்ல அவள் பக்கத்தையும் நான்தான் எழுதினேன். நான் பதினொன்று, அவள் பன்னிரண்டு.

இரண்டாம் வருஷம் அவள் இன்னும் துல்லியமாகச் சொன்னாள். "போன வருசம் சண்டைக்காரி மாதிரி வந்தா. இந்த வருசம் உக்காந்து பேசுதா." அதை அப்படியே எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டு போனில் எவ்வளவு நேரம் சிரித்தாய்! ஆனால் அரை மணி நேரம் கழித்து அவள் இன்னொன்றும் சொன்னாள். "பொறத்தாலே லேசா கருப்பட்டி காய்ச்சுற வாசம் வருது. அதையும் எழுதுங்க" என்றாள். நான் எழுதவில்லை. நீ முதல் முதலாகச் செய்தது, உன் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன். உன் மேல் இருந்த பிரியத்தில்தான் விட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் தொழிலில் அந்த வாசத்துக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். வெக்கை ஒயினுக்குள் போக ஆரம்பித்ததை உன் அம்மா இரண்டாம் வருஷமே கண்டுபிடித்துவிட்டாள். அந்த வரியை நான் அன்றைக்கே எழுதியிருந்தால், நீ அப்போதே சோதனையை நிறுத்தியிருப்பாய், பிறகு எதற்கும் இடமே இருந்திருக்காது.

அந்த வருஷம் ஆனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார்கள். நீ நாசிக்கில் இருந்தாய். பையனின் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் முதலில் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று வந்தார்கள். அவர்களுக்கும் ஜூஸ் கம்பெனி என்றுதான் சொல்லியிருந்தேன். வேலுச்சாமி மாமா காலையிலேயே செட்டியார்பட்டியிலிருந்து வந்துவிட்டான். அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று தறியை நிறுத்திவிட்டு வந்தவன். நாற்காலி வாடகைக்கு எடுத்துப் போட்டது, பலகாரம் வாங்கியது, வாசல் தெளித்தது எல்லாம் அவன்தான். உன் மாமா ஒரு காலத்தில் எவ்வளவு குடித்தான் என்று உனக்குத் தெரியும். அதை விட்டு அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது எனக்கும் நன்றாகத் தெரியும்.

பையனின் அத்தை கை கழுவப் பின்பக்கம் போனவர், இருட்டு அறைக் கதவு திறந்திருந்ததால் உள்ளே பார்த்துவிட்டார். "என்னது இது, பாட்டிலா அடுக்கியிருக்கு?" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார். பையனின் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். என் மகள் செய்தது, அவள் வேலையே அதுதான், நாங்கள் வருஷத்துக்கு ஒன்று ருசி பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த நேரத்தில் மாமா காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தான். என் கண் அவன் மேல் போய் நின்றது.

"அது நம்ம வீட்டுது இல்லம்மா" என்றேன். "இந்தா நிக்கான்ல, என் மச்சினன். குடிக்கிறவன். வீட்டுல வச்சா பொண்டாட்டி வைவாள்னு இங்க கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கான். எனக்கே இப்பத்தான் தெரியுது."

மாமா என்னைப் பார்த்தான். மறுத்துப் பேசுவான் என்று ஒரு நொடி பயந்தேன். அவன் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத் தைரியம் கொடுத்தது. "ஏலே, எடுத்துட்டுப் போயி பின்னால கொட்டு. இந்த வீட்டுல இதெல்லாம் ஆகாது" என்று அதட்டினேன். அவன் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் காபித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பாட்டில்களைப் பெட்டியில் எடுத்துவைத்துத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். கார்க் போட்ட பாட்டிலைச் சட்டென்று திறக்க முடியாதல்லவா. துவைக்கிற கல்லில் கழுத்தை அடித்து உடைக்கிற சத்தம் கேட்டது. நான் அவர்கள் ஊர்க் கோயிலில் அன்றைக்குக் கூட்டம் எப்படி என்று பையனின் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நீ செய்த ஒயினின் வாசம் கூடம் வரைக்கும் வந்தது. அந்த அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானும் முகத்தைச் சுளித்தேன்.

மாமா சாப்பிடாமல், பின்வாசல் வழியாகவே போய்விட்டான். அவர்கள் ஒரு மாதம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் அம்மா கேட்டாள். "எந் தம்பி ரெண்டு வருசமா அதைத் தொடலை. ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" தெரியும் என்றேன். "பொறவு ஏன் அப்படிச் சொன்னிய?" என்றாள். "விடு, அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்" என்றேன். கொஞ்ச நாளில் மாமா மறுபடி குடிக்கிறான் என்று செய்தி வந்தது. அன்றைக்கு நான் அம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா பாப்பா? "பாத்தியா, நான் அன்னைக்குச் சொன்னது ஒண்ணும் பொய்யில்லையே" என்றேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பேனாவைக் கீழே வைத்தேன். ஏற்கெனவே ஒரு வரியை எழுதாமல் விட்டு வந்த வினைதான் இவ்வளவும். அதனால் எழுதுகிறேன்.

தை வந்தது. "பாட்டிலைக் கொட்டிட்டேன்னு அவளுக்கு எழுதிருங்க" என்றாள் அம்மா. சரி என்றேன். நோட்டை எடுத்து உட்கார்ந்தால், மாமாவைப் பற்றிச் சொல்லாமல் கொட்டியதைச் சொல்ல வழியில்லை. போன வருஷப் பக்கத்தைப் புரட்டி, துவர்ப்பைக் கொஞ்சம் குறைத்து, பழ வாசத்தைக் கொஞ்சம் கூட்டி, பதினான்கு போட்டேன். அம்மா பக்கத்தில் அவள் பேசுகிற மாதிரியே இரண்டு வரி எழுதினேன். அவள் வாய்ப்பேச்சைத் திருடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது! நீ போனில், "ஏம்மா, நாவப்பழம் இன்னும் இருக்கா?" என்று கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்பா எழுதுனதுதான் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒயின் பேச்சு வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். பொய் சொல்லத் தெரியாத ஒருத்தியை என் பொய்க்குக் காவலாக நிறுத்திவைத்தேன்.

அடுத்த வருஷங்களில் செல்போனில் தேடிப் படித்தேன். வயதான ஒயினில் தோல் பை வாசம் வரும், புகையிலை வாசம் வரும் என்று போட்டிருந்தது. அதை எழுதினேன். பதினாறு. அதற்கடுத்த வருஷம் பதினேழு. இதில் ஒன்று மட்டும் உண்மை. தெர்மாமீட்டரை நான் தினமும் பார்த்து எழுதினேன். பாட்டிலே இல்லாத அறையின் வெக்கையைக் காலையும் மதியமும் குறித்துவைத்தேன். சித்திரையில் முப்பத்து நான்கு என்று எழுதியது நிஜமாகவே முப்பத்து நான்குதான். அதை எழுதும்போது நான் யோக்கியன் என்ற நினைப்பு வரும். அதற்காகவே எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு தீபாவளிக்கு நீ வந்து பாட்டில்களைப் பார்க்க வேண்டும் என்றபோது, டேப் போட்டு ஒட்டிப் பரணில் வைத்திருந்த பெட்டியைக் காட்டினேன். "வெளிச்சம் படக்கூடாதுன்னு நீதான சொன்ன" என்றேன். உள்ளே இரண்டு செங்கல் இருந்தன. நீ ஏணியில் ஏறி, பெட்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு இறங்கினாய்.

இது வீட்டோடு முடிந்துபோகும் என்று நினைத்திருந்தேன். போன தை மாதம் நான் போட்ட பதினேழையும் அந்த வெக்கைக் கணக்கையும் நீ கம்பெனி மீட்டிங்கில் கொண்டுபோய் வைப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். தெற்கே குளிர்ப்பெட்டி இல்லாத கடைகளுக்கும் இந்த ஒயினை அனுப்பலாம், எங்கப்பா வருஷக்கணக்காக வைத்துப் பார்த்திருக்கிறார் என்று நீ அடித்துச் சொன்னதையும், உங்கள் மேடம் சில பாட்டில்களைச் சூடான அறையில் மாதக்கணக்கில் வைத்துவிட்டு எல்லோரையும் ருசி பார்க்கச் சொன்னதையும் நீ அழுதுகொண்டே சொன்னாய். மற்ற எல்லோரும் கெட்டுவிட்டது என்று எழுதினார்கள். நீ மட்டும் நன்றாக முதிர்ந்திருக்கிறது என்று எழுதினாய். "எனக்கும் கருகின வாசம் வந்துச்சுப்பா. ஆனா நீங்க எழுதுனீங்கள்ல தோல் பை, புகையிலைன்னு, அதுதான் இதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாய். உன்னை ருசி பார்க்கிற மேசையிலிருந்து எடுத்து, லேபிள் ஒட்டுகிற பக்கம் போட்டார்கள். நீ மூக்கு டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தாய். "எது வயசான வாசம், எது கெட்ட வாசம்னு எனக்குப் பிரிக்கத் தெரியலப்பா. ஒருவேளை எனக்கு இது வராதோ?" என்று கேட்டாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன்.

உன் மூக்கு சரியாகத்தான் வேலை செய்தது பாப்பா. கருகின வாசம் கருகின வாசம்தான். நீ உன் மூக்கை நம்பாமல் என் எழுத்தை நம்பினாய். உன்னிடம் இருக்கிற குறை அது ஒன்றுதான்.

போன வாரம் நீ ஆறாவது பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிட்டு வைத்த பிறகும், முதல் இரண்டு நாள் நான் யோசித்தது என்னவென்றால், மதுரைக்குப் போய் வேறு ஏதாவது சிவப்பு ஒயின் வாங்கி, லேபிளைச் சுரண்டிவிட்டுப் பெட்டியில் வைத்துவிடலாமா என்பதுதான். இந்த வயதிலும் புத்தி அப்படித்தான் போனது. மூன்றாம் நாள் காலையில் அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்களே எழுதுதியளா, இல்ல நான் அவளுக்குப் போன் போடவா?" என்று கேட்டாள். நான் எழுதுகிறேன் என்றேன். "அதுக்கு முன்னால எந் தம்பியப் போய்ப் பாருங்க" என்றாள்.

செட்டியார்பட்டிக்கு பஸ் ஏறிப் போனேன். மாமா தறியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தறியை நிறுத்திவிட்டு, "வாங்க அத்தான்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "மாப்ள, அன்னைக்கு வந்தவிய முன்னால ஒன்னைக் குடிகாரன்னு சொன்னேன். பிள்ளை செஞ்ச ஒயினை ஒன் தலையில போட்டேன். தப்புப் பண்ணிட்டேன்."

"அது ஆச்சு அத்தான், எத்தனையோ வருசம்" என்றான்.

"நீ அதுக்குப் பொறவு குடிச்சது…" என்று ஆரம்பித்தேன்.

அவன் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே பேசினான். "அன்னைக்குச் சாயங்காலமே குடிச்சேன். ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தும் நீங்க என்னைக் குடிகாரன்னுதான சொன்னிய. அப்பத் தொட்டா என்ன, தொடாட்டா என்னன்னு ஆயிருச்சு. எட்டு மாசம். எம் பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு சோழபுரத்துக்கு அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. பொறவு நானா விட்டேன். யார் சொல்லியும் விடல." அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு எழுந்துபோய், நூல் கோன் அடுக்கியிருந்த மூலையில் கையை விட்டு, கட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். பிரித்தான். உன்னுடைய பாட்டில். "மூணைத்தான் ஒடைச்சேன். நாலாவதைத் தூக்கினா, அதுல பிள்ளை கையெழுத்து இருந்துச்சு. என் முதல் ஒயின்னு எழுதியிருந்தா. ஒடைக்கக் கை வரல. பைக்குள்ள போட்டுக் கொண்டாந்துட்டேன். அவகிட்ட கொடுத்துரலாம்னுதான் இருந்தேன். கொடுத்தா நீங்க மாட்டிக்கிடுவிய. அதான் கொடுக்கல."

"அந்த எட்டு மாசமுமா இது இங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இங்கதான் இருந்துச்சு. குடிக்கக் கையில காசு இல்லாத அன்னைக்கு எடுத்து வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பேன். பொறவு வச்சிருவேன். இது பிள்ளையோடதுல்ல."

குடிகாரன் என்று நான் நாலு பேர் முன்னால் சொன்னவனிடம், அவன் குடித்துக்கொண்டிருந்த நாளிலும் உன் பாட்டில் பத்திரமாக இருந்தது. வெற்றிலை பாக்குக்கூடப் போடாத உன் அப்பனிடம் அது இருக்கவில்லை. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். தறிக்கூடத்துக்கு வந்த ஆட்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கிளம்பும்போது அந்தப் பாட்டிலைக் கேட்டேன். மாமா யோசித்தான். மறுபடி துணியைச் சுற்ற ஆரம்பித்தான். "கோவிச்சுக்கிடாதிய அத்தான். அவ வரட்டும். அவ கையிலதான் கொடுப்பேன்" என்றான். அவன் செய்தது சரி.

கல்யாணம் ஆகப்போகிற மகளுக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது. ஆனாலும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றைச் சொல்கிறேன். கௌரவம் போய்விடுமோ என்று பயம் வருகிற நேரத்தில், திருப்பிப் பேசாத ஆள் யார் என்று நம் கண் தானாகத் தேடும். அந்த ஆள் எப்போதும் நம் வீட்டில்தான் இருப்பார். உன் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். மாப்பிள்ளையாகவும் இருக்கலாம், அவருடைய அம்மாவாகவும் இருக்கலாம், வேலைக்கு வருகிறவராகவும் இருக்கலாம். உன் கண் அவர் மேல் போய் நிற்கிற நேரத்தில் வாயை மூடிக்கொள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

முந்தாநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உன் ஒன்றுவிட்ட பெரியப்பா வீட்டில் விருந்துக்கு அழைத்துவிட்டு வந்தேன். மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று வழக்கம்போலக் கேட்டார். "ஒயின் செய்யுற கம்பெனியில" என்றேன். "அப்படியா, எம்புட்டு வருசமா?" என்றார். "ஒம்பது வருசமா" என்றேன். "நல்ல சம்பளம் இருக்கும்லா" என்று கேட்டுவிட்டு, மண்டபத்தில் சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். இதற்குத்தான் நான் ஒன்பது வருஷம் பயந்தேன்.

இதோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். உங்கள் மேடத்துக்கு இங்கிலீஷில் எழுதியது. மூன்று வருஷக் குறிப்புகளும் பொய் என்றும், எழுதியது நான் என்றும், உனக்குத் தெரியாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்குச் சரி என்று பட்டால் கொடு. அப்பா மானம் போகும் என்று யோசித்து வைத்துக்கொள்ளாதே. ஆபீஸ் பக்கம் போவதா வேண்டாமா என்பதை, தயவுசெய்து, இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு முடிவு செய்.

மாமாவிடம் இருக்கிற பாட்டிலைப் பற்றி, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கார்க் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கிறது. கழுத்தில் பிசுபிசுவென்று ஒரு கோடு வழிந்து காய்ந்திருக்கிறது. ஒயின் தோள் வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் மாமா தூக்கிப் பிடித்தபோது செங்கல் நிறம் தெரிந்தது. திறந்து பார்த்து, அது என்ன என்று நீ சொல். நீ சொல்வதுதான் கணக்கு.

நீங்கள் வருகிற ரயில் எது என்று அம்மாவிடம் சொல்லிவிடு. ஸ்டேஷனுக்கு நான் வரலாமா என்று எனக்குத் தெரியவில்லை. வரலாம் என்றால் ஒரு வார்த்தை எழுது, வந்து நிற்கிறேன். இல்லையென்றால் மாமா வருவான். உன்னைக் கூட்டிக்கொண்டு வர ஒரு நல்ல சட்டை எடுத்து வைத்திருக்கிறான்.

அப்பா